கயிறு வெட்டிய கை

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, மேடம். சர்க்கரை வேண்டாம் என்றேன், சர்க்கரை இல்லாமலே வந்தது. என் வீட்டில் இத்தனை வருஷமாகச் சொல்லியும் அவ்வப்போது தப்பிப் போகும். வெளியே கல் கொத்துகிற சத்தம்தான் கொஞ்சம் பேஜார். மாமல்லபுரத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு அது பழகியிருக்கும்.

ஏட்டையா மெதுவாகவே எழுதட்டும், எனக்கு அவசரமில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதினால் போதும். நடுவில் 'மனம் வருந்தி' என்று எதையாவது செருக வேண்டாம். உங்கள் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு என்று கேள்வி.

என் பெயர் லக்ஷ்மிநாராயணன். நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மேலாளர். ஆபீசுக்குப் பக்கத்திலேயே அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு, அங்கே குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் தலைவர். இறந்துபோன சாலமோன் எங்கள் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார்களைப் பார்த்துக்கொண்டவன், திருவிடந்தைக்காரன். அவன் பெண்டாட்டி எல்லம்மாள் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் இந்தக் கடலில் இறங்கினான், மறுநாள் வலைக்காரர்கள் கரையில் இழுத்துப் போட்டார்கள். அவன் சாவுக்கு நான் காரணமா என்று கேட்டீர்கள். காரணம்தான். ஆனால் பொறுப்பு இல்லை. இரண்டும் ஒன்று என்று நினைக்கிறவர்களிடம் பேசுவது எனக்குப் புதிதில்லை, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

சனிக்கிழமைகளில் எங்கள் கிளப் ஹவுஸில் நான் பேசுவது வழக்கம். விஷயம் ஒன்றுதான். 'நான் முடிவு செய்தேன்' என்று மனிதன் சொல்வது பொய். நீங்கள் இப்போது பேனாவை எடுத்தீர்களே, அது உங்களுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே மூளையில் முடிந்துபோன காரியம். அப்பன் கொடுத்த உடம்பு, ஆத்தாள் வளர்த்த விதம், காலையில் சாப்பிட்ட நாஸ்தா, இவையெல்லாம் சேர்ந்து தள்ளுகின்றன, கை போகிறது. எல்லாம் முடிந்தபிறகு ஓடிவந்து கையெழுத்துப் போடுகிற குமாஸ்தாதான் இந்த 'நான்'. அந்தக் குமாஸ்தாவைப் பிடித்து ஜெயிலில் போடுவதற்கு இத்தனை ஸ்டேஷன், இத்தனை கோர்ட்டு.

தயவுசெய்து என்னை விதிக்காரர்களோடு சேர்க்காதீர்கள். அவர்கள் ஒரு தனிச் சாதி. விதி என்று கன்னத்தில் கைவைத்துக்கொள்வார்கள், அடுத்த நிமிஷமே எந்தக் கோயிலில் பரிகாரம் என்று கேட்பார்கள். என் மாமனாரே அப்படித்தான். மகளுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது என்று திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், கழுத்தில் மாலையைப் போட்டுப் பிராகாரம் சுற்றவைத்தார். அந்த வருஷமே நான் கிடைத்தேன். பெருமாள் தேர்ந்தெடுத்த மாப்பிள்ளை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், பாவம்.

என் பேச்சுக்கு நல்ல கூட்டம் வரும். எல்லாம் ஓஎம்ஆர் ரோட்டுப் பிள்ளைகள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் காப்பி. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவர்கள் கையில் கிடைத்தால் கங்காஜலமும் கை கழுவத்தான். இரண்டே மாதத்தில் எங்கள் குடியிருப்பில் மன்னிப்பு என்கிற வார்த்தையே காணாமல் போய்விட்டது. நிதின் என்று ஒரு பையன், ரிவர்ஸ் எடுக்கும்போது ஜெஸ்ஸியின் காரை உரசிக் கீறிவிட்டான். அந்தப் பெண் கேட்டதற்கு, "ஸாரி சொல்ல நான் யாருங்க? எல்லாம் மூளை செஞ்சது" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்கப்புறம் லிஃப்டில் நாய் மூத்திரம் பெய்தாலும் மூளை, கட்டிக்கொள்கிறேன் என்று சொன்ன பெண்ணை விட்டு ஓடினாலும் மூளை. ஆனால் வேலைக்காரி அரைமணி தாமதமாக வந்தால் மட்டும் திமிர். அங்கே யாருக்கும் மூளை ஞாபகம் வராது. நான் தத்துவம் கொடுத்தேன், அவர்கள் அதை லீவு லெட்டராக எடுத்துக்கொண்டார்கள்.

என் மனைவி பிரபாவதி இந்தக் கூட்டங்களுக்கு வரமாட்டாள். செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை, போய்வரவே அவளுக்கு நேரம் சரியாக இருக்கும். ஒருநாள் மட்டும் பின் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். அன்றிரவு சாப்பாட்டின்போது சாம்பாரில் உப்பு கூடியிருந்தது, சொன்னேன். அவள் என்னையே பார்த்து, "யாருக்கும் எதுக்கும் பொறுப்பு கிடையாதுன்னு இப்பத்தான பேசிட்டு வந்தீங்க? உப்பு கூடினதுக்கு மட்டும் நான் பொறுப்பா?" என்றாள்.

கெட்டிக்காரத்தனமான கேள்வி என்று அவள் நினைத்திருக்கலாம். பதில் ரொம்பச் சுலபம். பொறுப்பு இல்லைதான். ஆனால் அடி விழுந்தால் அடுத்தமுறை உப்பு போடுகிற கை தயங்கும். சூடு பட்ட பூனைக்கும் அப்படித்தான், அதில் கோபமோ வெறுப்போ எதுவும் கிடையாது. இதை அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். எந்தக் காதில் விழுந்ததோ தெரியாது. இடது காது அவளுக்குச் சில வருஷமாகவே சரியாகக் கேட்பதில்லை. அதற்கும் நான்தான் காரணம் என்று அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். காரணம்தான், நான் மறுக்கவில்லை.

முன்பெல்லாம் அவள் அழுவாள், மறுநாள் நான் மன்னிப்புக் கேட்பேன், பூ வாங்கி வருவேன். எல்லாப் புருஷன்மாரும் செய்கிற கூத்துதான். இந்த விஷயங்களைப் படிக்க ஆரம்பித்ததும் அதை விட்டுவிட்டேன். செய்யாமல் இருந்திருக்க முடியாது என்று தெரிந்த காரியத்துக்கு மன்னிப்புக் கேட்பது நடிப்பு. அவளிடமும் அப்படியே சொன்னேன். "என் கை எழும்போது அதை நிறுத்த அங்கே யாரும் இல்லை, பிரபா." அவள் அதை நம்பினாள், மேடம். அதுதான் முக்கியம். பல வருஷம் நம்பினாள். மழைக்காலத்தில் மழை பெய்கிற மாதிரி என்று எடுத்துக்கொண்டாள். வீட்டில் அமைதி இருந்தது.

இதற்கு நடுவில்தான் சாலமோன் வந்து சேர்ந்தான்.

அவனைப் பற்றித் திருவிடந்தையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மொடாக்குடியன். மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்திலேயே விழுந்து கிடப்பான். தண்ணீர் வழிந்து கார் நிறுத்துகிற இடமெல்லாம் குளமாகும். சம்பள நாளில் எல்லம்மாள் வீங்கிய கன்னத்தோடு பாத்திரம் தேய்க்க வருவாள். இரண்டுமுறை அவனை வேலையை விட்டு நிறுத்தினேன், இரண்டுமுறையும் அவள் வந்து காலில் விழுந்தாள். போன ஆடி மாதம் அவள் அவனை மதுராந்தகம் பக்கம் ஏரிக்கரையில் இருக்கிற ஒரு முனீஸ்வரன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே குடிகாரர்களுக்குக் கயிறு கட்டுகிறார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாமிக்கு முன்னால் சத்தியம் செய்து இத்தனை மாதம் என்று சொல்ல வேண்டும், பூசாரி மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிற்றைக் கட்டுவார். அது கையில் இருக்கும்வரை தொடக்கூடாது. தொட்டால் முனி அடிக்கும், ரத்தம் கக்குவான், இன்னும் என்னென்னவோ. இவன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அதைக் கேட்டதற்கு, "ஏசு நல்லவரு சார், மன்னிச்சுடுவாரு. முனி மன்னிக்க மாட்டாரு. நமக்கு அந்த ஆளுதான் கரெக்டு" என்றான். மாசி மகம் வரைக்கும் கட்டிக்கொண்டான்.

ஒரு மாதம் தாங்காது என்று நான் நினைத்தேன். தீபாவளி வந்தது, போனது. பொங்கல் போனது. அவன் குடிக்கவில்லை. கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது. எந்த நேரம் பார்த்தாலும் மோட்டார் அறையில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்களிடமெல்லாம் கையைத் தூக்கிக் கயிற்றைக் காட்டுவான். எங்கள் ஆட்கள் அவனுக்குக் கைகொடுத்துப் பாராட்டினார்கள். சனிக்கிழமை என் பேச்சுக்குத் தலையாட்டிய அதே ஆட்கள்தான்.

அவனுக்கும் நான் விளக்கிப் பார்த்தேன். "நீ நிறுத்தவில்லை சாலமோன், உன் மூளையில் பயம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம், இப்போதைக்குப் பயம் ஜெயிக்கிறது, அவ்வளவுதான்" என்றேன்.

"அது இன்னாவோ சார். கயிறு கீது, குடிக்கல. கயிறு இல்லாங்காட்டி குடிப்பேன். வுடு."

"அப்படியானால் கயிறுதானே செய்கிறது? நீ என்ன செய்தாய்?"

"கையை நீட்டினேனே சார்" என்றான்.

இப்படிப்பட்டவர்களிடம் என்ன பேசுவது? நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிரபாவதி அவனைப் பார்த்துக் கெட்டுப்போனாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவளும் எல்லம்மாளும் சமையல்கட்டில் குசுகுசுவென்று பேசுவார்கள். ஒருநாள் நான் தண்ணீர் குடிக்கப் போனபோது எல்லம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள். "குடிச்சுட்டுதான் அடிக்கிறான்னு நெனச்சுக்கினு இருந்தேம்மா. இப்ப கோவம் வருது அதுக்கு. கயிறு கட்டுனப்புறமும் வருது. வந்துச்சுன்னா எழுந்து வெளிய போய் நின்னுக்குது. கை ஓங்கல. அன்னிலேர்ந்து ஒரு நாளு ஓங்கல." பிரபாவதி கையில் கரண்டியை வைத்துக்கொண்டு சிலைமாதிரி நின்றாள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அன்றிரவு அவள் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, அழவில்லை. "சாலமோன் மாசி மகத்தன்னிக்குக் கயிறு அவுக்கப் போறான். அதுவரைக்கும் அவன் இப்படியே இருந்துட்டான்னா, நிறுத்த முடியும்னு அர்த்தம். உங்களாலயும் முடிஞ்சிருக்கும்னு அர்த்தம். மழைன்னு நினைச்சுத்தான் நான் இத்தனை வருஷம் நனைஞ்சேன். மழை இல்லன்னு தெரிஞ்சா நான் ஏன் நிக்கணும்? மறுநாளே அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

அவளுடைய அக்கா ரோகிணி மதுராந்தகத்தில் இருக்கிறாள். அவளும் அவள் நாக்கும் ஒரு தனிக் கதை, அது இப்போது வேண்டாம்.

நீங்களே சொல்லுங்கள் மேடம். என் குடும்பம் ஒரு பம்பு ஆபரேட்டரின் மணிக்கட்டில் தொங்குகிறது. படித்த ஒரு பெண், அலுவலகத்தில் நாலு பேர் மதிக்கிற பெண், ஒரு குடிகாரனை வைத்து என்னை அளக்கிறாள். அவன் மட்டும் அந்தக் கயிறோடு மாசி மகத்தைத் தாண்டிவிட்டால், நான் இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் அவளுக்குப் பொய்யாகிவிடும். எனக்குக் கவலை என் கருத்தைப் பற்றித்தான்.

முதலில் சாதாரணமாகத்தான் முயன்றேன். ஹேமந்த் என்று மூன்றாம் மாடிப் பையன் கிளப் ஹவுஸில் பிறந்தநாள் கொண்டாடினான். முடிந்ததும் இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்கிற வேலையைச் சாலமோனுக்குக் கொடுத்தேன். மேஜை முழுக்க மீந்த பாட்டில்கள். ஒரு மணிநேரம் அவனைத் தனியாக விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வாஷ்பேசினில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். "நாத்தம் தாங்கல சார்" என்று சிரித்தான். திறக்காத ஒரு வோட்கா பாட்டிலை மட்டும் ஹேமந்திடம் கொடுத்துவிடச் சொல்லி என் கையில் தந்தான். அதை நான் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

மாசி மகத்துக்கு முந்தின சனிக்கிழமை. பிரபாவதி இரண்டு நாள் இருந்துவர அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். சாலமோன் வெயிலில் மொட்டைமாடித் தொட்டியைக் கழுவிவிட்டு, சாவி கொடுக்க வந்தான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு சொம்பு மாம்பழ ஜூஸ் கொடுத்தேன், நன்றாகக் குளிரவைத்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு வோட்கா. அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொண்டவன் பாதியில் நிறுத்தினான்.

"சார், இதுல இன்னா கீது?"

"மாம்பழம்."

"இல்ல சார். ஒரு மாதிரி கீது."

"நாக்கு பழைய ஞாபகத்தில் தேடுகிறது சாலமோன். மூளை அப்படித்தான் செய்யும். பயப்படாமல் குடி" என்றேன். அவன் என்னைப் பார்த்தான், சொம்பைப் பார்த்தான். பிறகு மீதியையும் குடித்தான். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற நம்பிக்கை. அது ஒன்றுதான் அவர்களிடம் எனக்குப் பிடித்த குணம்.

மறுநாள் ஞாயிறு, மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். மறுபடி வந்தான். கண் சிவந்திருந்தது, தூங்கவில்லை என்று தெரிந்தது. வாசலிலேயே நின்றான், உள்ளே வா என்றும் வரவில்லை.

"வூட்ல பேஜாராயிடுச்சு சார். நேத்து போனதும் எல்லம்மா மோந்து பாத்துட்டா. குடிச்சுகீறேன்றா. நான் குடிக்கல சார். எம் புள்ள மேல சத்தியம். ஆனா அவ மூக்கு பொய் சொல்லாது. எனக்கும் உள்ள எரிஞ்சுகினு கீது, இன்னும் வேணும் வேணும்னு கேக்குது. சார், நீ படிச்சவரு. சத்தியமா சொல்லு. அந்த ஜூஸ்ல எதுனா இருந்துச்சா?"

இந்த இடத்தில் உங்கள் பேனா நின்றது, மேடம். ஆமாம், நான் 'இருந்தது' என்று சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஒரே ஒரு வார்த்தை. அதைக் கேட்டால் அவன் என்னைத் திட்டியிருப்பான், சட்டையைப் பிடித்திருப்பான், தெரியாமல் குடித்தது தப்பில்லை என்று வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பான். 'இருந்திருக்கலாம்', 'சொல்லியிருக்கலாம்' எல்லாம் குமாஸ்தா பாஷை. அந்த நிமிஷத்தில் என் வாயில் வந்த வார்த்தை "இல்லை". வேறு எதுவும் வந்திருக்க முடியாது, ஏனென்றால் வரவில்லை.

"நீதான் வேறு எங்கேயோ குடித்திருக்கிறாய்" என்றேன். "உனக்கு ஞாபகம் இல்லை. உன்னைப் போல ரொம்ப நாள் குடித்தவர்களுக்கு அப்படி ஆகும். கால் தானாகக் கடைக்குப் போகும், கை தானாக வாங்கும், உனக்குத் தெரியவே தெரியாது."

"எனக்கே தெரியாம நான் குடிப்பனா?"

"எல்லாமே அப்படித்தான் நடக்கிறது. இதைத்தானே நான் வருஷக்கணக்காகச் சொல்கிறேன்."

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "சரி சார். மோட்டாரை இன்னிக்கு வாட்ச்மேனைப் பாத்துக்க சொல்லு. நான் மதுராந்தகம் போறேன். பூசாரி கால்ல விழுந்து சொன்னா அவுத்து வுட்டுருவாரு. அபராதமா ஒரு தேங்கா ஒடைக்கணும், அவ்ளோதான். புதுசா கட்டிக்கினு வந்துர்றேன். மறுபடி மொதல்லேர்ந்து."

இது எனக்குத் தெரியாது, மேடம். கயிற்றை அவிழ்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள் என்பதே தெரியாது. குடித்தே ஆகவேண்டும் என்கிறவன்கூட நேரே போய் நின்றால் பூசாரி கேள்வி கேட்காமல் அவிழ்த்துவிடுவாராம், தவறி விழுந்தவனுக்கு மறுபடி கட்டுவாராம். மூடநம்பிக்கை என்று நினைத்திருந்தேன், இதில் இவ்வளவு ஏற்பாடு இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எனக்குப் பிரபாவதியின் முகம்தான் ஞாபகம் வந்தது. விழுந்தவன் எழுந்து போய் மறுபடி கையை நீட்டுகிறான் என்று தெரிந்தால் அவள் மாசி மகத்துக்குக்கூடக் காத்திருக்கமாட்டாள்.

"உள்ளே வா" என்றேன். வந்தான். சமையல்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன், பழக்கம். மேடை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன். "கையைக் காட்டு."

டாக்டரிடம் நீட்டுகிறமாதிரி நீட்டினான். நல்ல கயிறு, வியர்வையிலும் தண்ணீரிலும் ஊறி இறுகிப்போயிருந்தது. ஒரே வெட்டில் வரவில்லை, இரண்டாவதில் வந்தது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என்ன நடந்தது என்று அவனுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. மணிக்கட்டில் கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. அதைத் தடவிக்கொண்டே, "இன்னா சார் இப்டி பண்ணிட்டே" என்றான். அவ்வளவுதான். அவன் திட்டவில்லை, அடிக்க வரவில்லை.

"கயிறு இருந்தால்தானே தப்பு, இப்போது இல்லை" என்றேன்.

"முனி அவுக்கலையே சார்" என்றான். "இனி அவரு மூஞ்சில போய் எப்டி நிப்பேன்?"

மீதி வோட்காவை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். அங்கே குடிக்கவில்லை. சட்டைக்குள் செருகிக்கொண்டு லிஃப்டில் இறங்கிப் போனான். கயிற்றுத் துண்டைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு நான் சாப்பிட உட்கார்ந்தேன். வெயிலுக்குத் தயிர்சாதம் இதமாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மாசி மகத்துக்காக இருளர் குடும்பங்கள் முன்கூட்டியே வந்து இந்தக் கடற்கரையில் புடவையால் கூடாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கைகூப்பிக்கொண்டு அலைக்குள் இறங்கினால் அந்தச் சமயத்தில் யாருக்கும் சந்தேகம் வராது. முழுக்குப் போடுகிறான் என்று நினைத்திருக்கிறார்கள். பாட்டில் மணலில் காலியாகக் கிடந்தது என்றீர்கள். அப்படியானால் குடித்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறான். நான் சொன்னது சரியாகத்தான் போயிற்று.

திங்கட்கிழமை பிரபாவதி வந்ததும் அவளிடம் சொன்னேன். "பார்த்தாயா, உன் சாட்சி போய்விட்டான்." குத்திக்காட்டவில்லை, தகவலாகத்தான் சொன்னேன். அவள் முகம் கழுவினாள், சமையல்கட்டுக்குப் போனாள். எல்லம்மாள் வராததால் குப்பைக்கூடையை அவளே வெளியே வைக்க வேண்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட நான் அந்தக் கூடையைத் தொட்டதில்லை. அதில் எதைப் போட்டாலும் போனதுதான் என்பது என் எண்ணம். கூடைக்குள் கையைவிட்டு எடுத்திருக்கிறாள். தயிர் ஒட்டிய சிவப்புக் கயிறு, முடிச்சு அவிழாமல், இரண்டு முனையும் நேராக வெட்டுப்பட்டு.

அவள் அதைக் கழுவிக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு நேரே திருவிடந்தைக்குப் போயிருக்கிறாள். எல்லம்மாள் அதைப் பார்த்ததும், "எங்க வூட்டாளு வெட்டாதும்மா. குடிக்கணும்னா பூசாரிகிட்ட போயி அவுத்துகினு வந்திருக்கும். கயிறு கட்டுனவங்க யாரும் வெட்ட மாட்டாங்க. வேற ஆளு வெட்டிகீறான்" என்று சொன்னாளாம். இரண்டு பேரும் சேர்ந்து உங்களிடம் வந்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி, காது கேட்காத ஒருத்தி. நான் மாட்டிக்கொண்டது இவர்களிடம்.

ஆக, கலந்தது நான். இல்லை என்று சொன்னது நான். வெட்டியது நான், பாட்டிலைக் கொடுத்ததும் நான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன். இதைச் செய்யாமல் இருக்கக்கூடிய ஒரு லக்ஷ்மிநாராயணன் அந்தச் சமையல்கட்டில் இல்லை, அதை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். பிரபாவதிமேல் எனக்கு வருத்தமில்லை. அவளாலும் வேறுமாதிரி நடந்திருக்க முடியாது. கொஞ்சநாள் அக்கா வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள்.

அவள் எழுதிக் கொடுத்ததில் ஒரு இடத்தை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். 'அவர் வாட்ச்சைக் கழட்டி ஃப்ரிட்ஜ் மேல வச்சார்னா எனக்குத் தெரிஞ்சிடும். பாத்ரூமுக்குள்ள ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்குவேன். சில நாள் நேரம் இருக்கும், சில நாள் இருக்காது.' இதை எதற்காக இரண்டாம் தடவையும் படித்தீர்கள் என்று தெரியவில்லை. உண்மைதான், கழற்றி வைப்பேன். ஒவ்வொரு தடவையும் வைப்பேன். பதினைந்து வருஷ சர்வீசுக்கு ஆபீசில் கொடுத்த கடிகாரம், மேடம். கையோடு இருந்து கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு?